ஆர்டிஸ் ஹோவ்லாண்ட் காபி ஊற்றும்போது சொன்னது

அந்த வாசகம் எங்கே பிறந்தது என்று கேட்டால் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஒருவன் கையைத் தூக்குவான். டெக்சாஸ்காரன் தன் தாத்தா சொன்னது என்பான். மேற்கே மலைப் பக்கம் போனால் ஒரு சாராயக்கடையின் சுவரையே காட்டுவார்கள். காட்டட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில், நோர்டால் என்கிற எங்கள் ஊரில் அதைச் சொன்னது ஆர்டிஸ் ஹோவ்லாண்ட். சொன்ன இடம் அவள் வீட்டுச் சமையலறை. அப்போது அவள் கையில் துப்பாக்கி இல்லை, காபிக் கெட்டில்தான் இருந்தது. நல்ல எரிச்சலில் வேறு இருந்தாள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. துப்பாக்கிச் சங்கத்துக் கூட்டம் எப்போதும் தீயணைப்புக் கொட்டகையில்தான் நடக்கும். அன்று அங்கே அறையைச் சூடாக்கும் பாய்லர் கெட்டுப்போய், கூட்டம் பூட்ஸும் பனியுமாக ஆர்டிஸின் சமையலறைக்கு வந்துவிட்டது. வாஷிங்டனில் துப்பாக்கிகளுக்கு எதிராக ஏதோ சட்டம் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு. அதை எதிர்த்து வண்டிகளின் பின்னால் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் அடிக்க வேண்டும். ஸ்டிக்கருக்கு ஒரு வாசகம் வேண்டும். சங்கத் தலைவர் ஓர்வில் ஹாஸ், மாட்டுத் தீவனக் கடைக்காரர், ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். அரசியல் சாசனத்தில் தொடங்கி, நம் முன்னோர் வழியாக, கடவுளிடம் போய் முடிகிற வாசகம். அவர் வாசித்து முடிப்பதற்குள் காபி ஆறிப்போயிற்று.

"நல்லாதான் இருக்கு ஓர்வில்," என்றான் அச்சகம் வைத்திருக்கும் லைல் குபியாக். "ஆனா இதை ஒட்டணும்னா ஒவ்வொருத்தனும் பின்னாடி ஒரு டிரெய்லரையும் சேர்த்து இழுத்துட்டுப் போகணும்."

இந்த அமளியில் ஆர்டிஸின் கணவர் செல்மர், மேஜையில் உட்கார்ந்து தன் ரைபிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா விட்டுப்போன பழைய ரைபிள். மேஜைமேல் இருந்தது ஆர்டிஸின் புது விரிப்பு. ரைபிளை எடுத்துக் கீழே வை என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். மத்தியானம் சொன்னாள். விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் இன்னொரு தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் செல்மர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். அவரைப் போன்ற நார்வே வம்சத்துக்காரர்கள் தலையாட்டினால் காது கேட்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து ஓர்வில் ஹாஸ் கேட்டார். "நாளைக்கே சர்க்கார் ஆளு வந்து இந்த வாசக்கதவைத் தட்டி, துப்பாக்கியக் கொடுன்னு கேட்டா என்ன சொல்லுவோம்? அதைச் சுருக்கமா சொல்லணும். அவ்வளவுதான்."

"செல்மர்கிட்டேருந்தா?" என்றாள் ஆர்டிஸ், கோப்பையில் காபியை ஊற்றிக்கொண்டே. "அந்த ஆளு செத்து, வெரலெல்லாம் வெறச்சு சில்லுன்னு ஆனப்புறம், ஒவ்வொரு வெரலா பிரிச்சுத்தான் எடுக்கணும். நான் காலையிலேருந்து பாத்துட்டுத்தானே இருக்கேன்."

லைல் குபியாக் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தான்.

அப்படித்தான் பிறந்தது. ஒரு பெண்டாட்டி புருஷனைப் பற்றிச் சொன்ன புகாரை எடுத்து, 'அந்த ஆளை' 'நான்' ஆக்கி, சிவப்பில் அடித்து, அதை வீரம் என்று ஒட்டிக்கொண்டார்கள். 'என் துப்பாக்கி வேண்டுமா? நான் செத்தபின், விறைத்துச் சில்லிட்ட என் விரல்களைப் பிரித்து எடுத்துக்கொள்.' லைல் முதல் கட்டு அடித்தது ஒரே வாரத்தில் தீர்ந்தது. அப்புறம் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் வந்து வாங்கிப்போனார்கள், அப்புறம் பக்கத்து மாநிலத்துக்காரர்கள். ஒரு தடவை மில்வாக்கிக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஒரு சவ ஊர்தியின் பின்னால் அது ஒட்டியிருந்ததை ஆர்டிஸ் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

பேர் என்னவோ செல்மருக்குத்தான் போயிற்று. விரல் அவருடையதாயிற்றே. வெளியூர்க்காரன் எவனாவது ஊர் பாருக்கு வந்தால், 'அதோ, அந்த விரல்காரர்தான்' என்று காட்டுவார்கள். வந்தவன் கை குலுக்கிவிட்டு ஒரு பிராந்தி வாங்கித் தருவான். வாழ்நாள் முழுவதும் பாலும் உருளைக்கிழங்கும் விற்ற மனிதருக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கட்டும் என்று ஆர்டிஸும் விட்டுவிட்டாள். யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் பத்து வருஷம் கழித்து, மான் சீசனின் முதல் நாள் மத்தியானம் வந்தது.

எங்கள் பக்கத்தில் மான் சீசன் என்பது நவம்பர் கடைசியில் மான் வேட்டைக்கு அனுமதி உள்ள ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வீட்டுப் பெண்கள் சில விஷயங்களை யாரும் சொல்லாமலே கடைப்பிடிப்பார்கள். கொடியில் வெள்ளைத் துணி காயப்போட மாட்டார்கள். மரங்களுக்கிடையே நின்று வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கைச் சிந்த மாட்டார்கள். மிரண்ட மான் வாலைத் தூக்கினால் அடியில் வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்ததும் இங்கே ஆண்களின் கை மூளையைக் கேட்காமல் வேலை செய்துவிடும்.

ஆர்டிஸுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவளுடைய பழுப்புக் கோட்டில் அந்துருண்டை நாற்றம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும். பழுப்புதானே, துணி ஒன்றும் வெள்ளை இல்லையே என்று பின்பக்கம் ஆப்பிள் மரத்தடிக் கொடியில் மாட்டினாள். தட்டித் துடைக்க பிரஷ் எடுத்துவர உள்ளே போனாள். உள்ளே லைனிங் வெள்ளை. காற்று அடித்தது.

அவள் பிரஷ்ஷோடு பின்வாசற்படிக்கு வந்தபோது வெடி கேட்டது. சாப்பாட்டுக்காகக் காட்டிலிருந்து திரும்பிவந்த செல்மர், கொட்டகை மூலையிலிருந்து இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எங்க விழுந்துச்சு?" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஆர்டிஸ் கொடியைக் காட்டினாள். செல்மர் கிட்டத்தில் போய், கையால் தடவிப் பார்த்தார். மூன்றாவது பொத்தானுக்கு இடதுபக்கம் விரல் நுழைகிற ஓட்டை. பின்னால் முதுகிலும் ஒன்று. கோட்டுக்குள் ஆள் இருந்திருந்தால் நேராக இதயம். செல்மர் ரொம்ப நேரம் அந்த ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"வெள்ள லைனிங்," என்றார் கடைசியில். "மான் சீசன்ல."

உள்ளே போய் சூப் குடித்தார்கள். உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

சாயங்காலம் வழக்கம்போல ஊர் முழுக்க பாரில் கூடியது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பெண்டுபிள்ளைகளோடு வருவதுதான் பழக்கம். அங்கே சுவரில் வரிசையாகச் சட்டை வால்கள் ஆணியடித்துத் தொங்கும். மானைச் சுட்டுக் குறி தப்பியவனின் சட்டையைப் பின்பக்கம் பிடித்து இழுத்து, கத்தரிக்கோலால் வெட்டி, பேரும் வருஷமும் எழுதி மாட்டிவிடுவார்கள். பாதிரியாரின் சட்டைத் துண்டுகூட அங்கே உண்டு. கத்தரிக்கோலை வைத்திருப்பது ஓர்வில் ஹாஸ்.

ஆர்டிஸ் கோட்டைத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு கோட்டுதான். எல்லாரும் வந்து வந்து பார்த்தார்கள்.

"வால வெட்டணும்," என்றார் ஓர்வில். "செல்மர், எந்திரி."

"எதுக்கு வெட்டணும்?" என்றான் லைல் குபியாக். "குறி தப்புனவனுக்குத்தானே வெட்டறது? இங்க குறி எங்க தப்புச்சு? மூணாவது பொத்தான் பக்கத்துல, பாருங்க. இதைவிட நல்ல குறி இந்த வருஷம் எவன் போட்டான்?"

"மான் இல்லையேப்பா அது."

"மான்னு நெனச்சுத்தானே சுட்டாரு? நெனச்சத சுட்டாரா இல்லியா?"

இதைப் பற்றி மீன் வறுவல் வந்து ஆறுகிறவரைக்கும் பேசினார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் கோட்டு மான் அல்ல, ஆனாலும் குறி குறிதான், ஆகவே வாலை வெட்டக்கூடாது என்று முடிவாயிற்று. தவறு யாருடையது என்பதில் மட்டும் இரண்டு கருத்தே எழவில்லை. முதல் நாளன்று வெள்ளை லைனிங் வைத்த பழுப்புக் கோட்டை வெளியே மாட்டினால் அது யார் தப்பு? பெண்கள்கூட ஆர்டிஸைப் பார்த்து, பாவம், இவளுக்குமா மறந்துபோச்சு என்று தலையை அசைத்தார்கள்.

"அந்தக் கோட்டையே சுவத்துல மாட்டிடலாமே," என்றார் யாரோ.

"எனக்குக் குளிரும்," என்றாள் ஆர்டிஸ்.

அப்போது லைல் கோப்பையைத் தட்டி எழுந்தான். ஸ்டிக்கர் பிறந்து பத்து வருஷம் ஆகிறது. அடுத்த சனிக்கிழமை, சீசன் முடிவதற்கு முந்தின நாள் சங்கத்தின் விருந்து. அதற்குப் புது ஸ்டிக்கர் அடிக்கப்போகிறான். இந்தத் தடவை எழுத்து மட்டும் இல்லை, படமும் உண்டு. செல்மரின் கை, அந்த ரைபிளைப் பிடித்தபடி. வெள்ளிக்கிழமை கேமராவோடு வீட்டுக்கு வருகிறேன் என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். செல்மர் எழுந்து நின்று, யாருக்கு என்று சரியாகத் தெரியாமல், பொதுவாகச் சிரித்தார். அவர் கண்கள் பேசுபவனுக்கு ஒரு சாண் தள்ளி நின்றன. ஆர்டிஸ் அதைப் பார்த்தாள். ஒரு வருஷமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த மனிதர் யாரையாவது சுடத்தான் போகிறார். அது பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கலாம், அவளாகவே இருக்கலாம். சுட்டுவிட்டு, அப்புறம் மிச்ச நாளெல்லாம் அந்தச் சமையலறையில் தனியாக உட்கார்ந்து, தானே காபி போட்டுக் குடித்துக்கொண்டிருப்பார். அவருக்குக் காபி போடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஓர்வில் ஹாஸைப் பிடித்தாள்.

"ஓர்வில், நீ சொன்னா கேப்பான். துப்பாக்கிய விட்டுடச் சொல்லு. கண்ணு தெரியல அவனுக்கு."

ஓர்வில் தன் பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்று, தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். அதில் பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. "நான் எப்படி ஆர்டிஸ் சொல்றது? நான் சங்கத்துத் தலைவன். சர்க்கார் வந்து கேட்டாலே கொடுக்காதன்னு சொல்ற ஆளு நான். இப்ப நானே போயி கொடுடான்னு கேட்டா?" என்று வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். அவள் அதைப் பார்க்க வேண்டியதில்லை. ஸ்டிக்கரின் சிவப்பு எழுத்து தூரத்திலிருந்தே தெரியும்.

பாதிரியாரிடம் போனாள். நான் ஜெபம் பண்ணுகிறேன் என்றார், மனதாரத்தான் சொன்னார். அவர் வண்டியிலும் ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போனாள். "போன வருஷமே சொல்லிட்டேனே. நடுப்பார்வை போயிட்டிருக்கு. ஓரத்துலதான் தெரியும். வண்டி ஓட்டக் கூடாது," என்றார் டாக்டர்.

"துப்பாக்கி?"

"அதைப் பத்தி அவரு கேக்கல. நானும் சொல்லல," என்றார். டாக்டரின் கார் வாசலில் நின்றது. ஆர்டிஸ் வெளியே வரும்போது அதன் பின்பக்கம் போகாமல் சுற்றிப் போனாள். தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

வீட்டுக்கு வந்து தன் காரின் பின்னால் முழங்காலிட்டு, சமையல் கத்தியால் சுரண்டிப் பார்த்தாள். லைல் குபியாக் பல விஷயங்களில் அரைகுறை, ஆனால் பசையில் கஞ்சத்தனம் பண்ணமாட்டான். 'செத்தபின்' என்கிற சொல்லில் பாதிதான் உரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது ஒரு பாம்புதான் வந்து சேரும். இவள் கத்தியது மாவட்டம் முழுக்க வண்டி வண்டியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இனி யாரிடம் போய் முறையிடுவது?

செவ்வாய்க்கிழமை தோட்டாக்களை மாவு டின்னில் ஒளித்து வைத்தாள். செல்மர் தேடவுமில்லை, கேட்கவுமில்லை. கொட்டகைக்குப் போய் வேறு பெட்டி எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் மேஜையில் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள்.

"செல்மர். கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன்."

"தெரியுது."

"அப்ப இது என்ன, என் கையில?"

"கரண்டி."

"முள்ளுக்கரண்டி."

"கரண்டி, முள்ளு, ரெண்டும் ஒரே டிராயர்லதானே இருக்கு," என்றார் செல்மர். பிடித்த முயலுக்கு மூன்றே கால். கொஞ்ச நேரம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார். பாதி வெண்ணெய் தட்டில் விழுந்தது. அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, "பத்து வருஷமா எவனெவனோ வந்து என் கையக் குலுக்கிட்டுப் போறான் ஆர்டிஸ். இப்ப நானே கொண்டுபோய் கொடுத்தேன்னா நான் யாரு? அது நான் சொன்ன சொல்லு."

"சொன்னது நானு."

"நீ சொன்னே. நான் அதுபடி இருந்தேன்."

அவர் சொன்னது உண்மை. வாழ்க்கையில் அந்த மனிதர் அவள் சொல்லி, அப்படியே கடைப்பிடித்த ஒரே விஷயம் அதுதான். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அடுப்பங்கரையில் போய் நின்று, கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

புதன்கிழமை பனி கொட்டியது. கொட்டி நின்ற பிறகு குளிர் இறங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு செல்மர் வரவில்லை. ஆர்டிஸ் பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டாள். காட்டுக்குள் போகிறவர்கள் ஆரஞ்சு நிறம் போடவேண்டும் என்பது இப்போது சட்டம். ஆரஞ்சு அங்கி கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது. அதைப் பார்த்தாள். பக்கத்தில் பழுப்புக் கோட்டைப் பார்த்தாள். கோட்டை எடுத்துப் போட்டு, தைத்த இடத்துக்கு மேல் பொத்தானைப் பூட்டினாள். ஒரு சட்டி மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டாள்.

அவள் பைத்தியக்காரி அல்ல. செல்மர் உட்காரும் இடம் அவளுக்குத் தெரியும், விழுந்துகிடக்கும் பெரிய ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து, ஒரு பலகைமேல். முன்பக்கமாகப் போகாமல், அவர் முதுகுப் பக்கமாக, மரத்தூரின் மறைவிலேயே போனாள். வழிநெடுக மூடியைத் தட்டிக்கொண்டு, கோயில் பாட்டைக் கரகரவென்று பாடிக்கொண்டு போனாள். அந்தச் சத்தத்துக்கு மாவட்டத்தில் ஒரு மான் மிச்சம் இருந்திருக்காது.

மரத்தைச் சுற்றி அவள் வெளியே வந்தபோது செல்மர் திரும்பி உட்கார்ந்திருந்தார். ரைபிள் அவர் மடியில் இருந்தது. வாய் அவள் பக்கம்.

"நில்லு. யாரது?"

அவள் பாடுவதை நிறுத்தினாள். கை நீட்டினால் எட்டிவிடும் தூரம்.

"இந்தக் காட்டுல மூடியத் தட்டிட்டு வேற யாரு வருவா? நாந்தான். அத அந்தப் பக்கம் திருப்பு."

துப்பாக்கி மெதுவாக மரத்தைப் பார்த்துத் திரும்பியது. ஆர்டிஸ் பனியிலேயே அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் என்ன போட்டிருக்கேன், சொல்லு."

செல்மர் அவளைப் பார்த்தார். நேராகப் பார்த்தார், அப்புறம் கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து ஓரத்தால் பார்த்தார்.

"ஆரஞ்சு," என்றார். "சட்டம்தானே."

"பழுப்புக் கோட்டு."

காட்டில் எங்கோ ஒரு கிளையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. செல்மரின் தாடை ஆடியது. ஆர்டிஸ் அவரோடு வாழ்ந்த காலத்தில் அவர் அழுது பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது, அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"அதையா போட்டுட்டு வந்தே."

"அதத்தான்."

"நான் காலையிலேயே வீட்டுக்கு வந்திருப்பேன்," என்றார் செல்மர். "வழி தெரியல. பனி விழுந்ததும் எல்லாம் ஒண்ணா ஆயிடுச்சு. நீ வருவேன்னு உக்காந்திருந்தேன்."

"காபி குடி."

"முடியல. கையப் பாரு."

பார்த்தாள். அவர் சுடும்போது கையுறை போடுவதில்லை. காலையிலிருந்து அந்த இரும்பைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார். விரல்கள் வெளுத்து, மடங்கிய மேனிக்கு விறைத்திருந்தன. விட வேண்டும் என்று அவர் நினைத்தாலும் அவை விடுகிற நிலையில் இல்லை. ஆர்டிஸ் தன் கையுறையைக் கழற்றிவிட்டு, இடதுகைச் சுண்டுவிரலில் ஆரம்பித்தாள். வாயால் ஊதி, மெதுவாக நிமிர்த்தி, அடுத்த விரலுக்குப் போனாள். செல்மர் தன் கையை வேறு யாருடையதோ போலக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"சில்லுன்னு இருக்கா?" என்றார்.

"ஐஸ் மாதிரி இருக்கு."

"வெறச்சிருக்கா?"

"வெறச்சுத்தான் கெடக்கு. ஆட்டாத, வலிக்கும்."

செல்மர் யோசித்தார். "செத்துப்போனதுன்னு ஒண்ணு இருக்கு அதுல."

"அது பாக்கி," என்றாள் ஆர்டிஸ்.

"அது எப்படியும் வரும். அதுக்காக உன்னையப் பனியில உக்கார வெக்கறதா," என்றார் செல்மர். "எடுத்துக்க."

வலதுகையின் ஆள்காட்டி விரலைக் கடைசியாகப் பிரித்தாள். அதுதான் ரொம்ப நேரம் பிடித்தது. அது விசைக்குப் பக்கத்தில் இருந்தது. துப்பாக்கியை வாங்கி, தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பனியில் உதிர்த்து, கைக்கெட்டாத தூரத்தில் மரத்தின்மேல் சாத்தினாள். அப்புறம் கோட்டைத் திறந்து அவருடைய இரண்டு கைகளையும் உள்ளே, தன் அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டாள். அந்தக் குளிர் அவள் நெஞ்செலும்புவரைக்கும் போயிற்று. அவர் விரல்களுக்கு உயிர் வந்து வலித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டார். கொஞ்சம் அசைய முடிந்ததும் ஒரு விரல் உள்பக்கமாக ஊர்ந்து, மூன்றாவது பொத்தானுக்குப் பக்கத்தில் தையல் போட்ட இடத்தைத் தேடிப் பிடித்தது. அங்கேயே நின்றது.

"நல்லா தெச்சிருக்கே," என்றார் செல்மர்.

அவர் கையை அவள் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். துப்பாக்கி அவள் இன்னொரு தோளில் இருந்தது. வீட்டில் அதை எங்கே வைத்தாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாவு டின்னில் இல்லை என்பது மட்டும் உறுதி.

வெள்ளிக்கிழமை லைல் குபியாக் சொன்னபடி கேமராவும் விளக்கும் தூக்கிக்கொண்டு வந்தான். செல்மர் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் உரிந்து சிவந்திருந்தன.

"கை நல்லாத்தான் இருக்கு," என்றான் லைல், கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே. "துப்பாக்கிய எடுங்க செல்மர்."

"எங்கிட்ட இல்ல. ஆர்டிஸ்கிட்ட இருக்கு."

லைல் கேமராவை இறக்கினான். சங்கத்தின் விருந்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. "ஆர்டிஸ்கிட்டயா? கொடுத்துட்டீங்களா?"

"நான் கொடுக்கல," என்றார் செல்மர்.

"அப்புறம் அவங்க எப்படி எடுத்தாங்க?"

"எப்படி எடுக்கணும்னு நீதானே ஊர் ஊரா அடிச்சு வித்தே. அதுலயே போட்டிருக்கு, படிச்சுப் பாரு. அப்படித்தான் எடுத்தா."

ஆர்டிஸ் லைலுக்கும் ஒரு கோப்பை வைத்து, காபி ஊற்றினாள். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.